மாடி வீட்டு லீசு

ஓசூரில் பத்திரம் பதிந்த அன்று தம்பியும் நானும் ஒன்றாகத்தான் மதியம் சாப்பிட்டோம். பிரியாணி அவன் செலவு. பில்லுக்கு நான் பர்ஸைத் திறந்தபோது, "நீ பேசாம உக்காருக்கா" என்று அதட்டினான். அம்மா போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. அப்பா போய்ச் சில மாதம்தான். மிச்சம் இருந்தது நாங்கள் இரண்டு பேரும் ஒரு வீடும். அந்த வீட்டையும் அன்று கொடுத்தாகிவிட்டது.

அப்பா சிப்காட்டில் வேலை பார்த்துக் கட்டிய வீடு. கீழே அவரும் தம்பி குடும்பமும் இருந்தார்கள், மாடியில் ஒரு குடித்தனம். நான் கல்யாணமாகிக் கிருஷ்ணகிரிக்குப் போனவள். சூளகிரியில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸில் வேலை. வீட்டை வாங்கியவர் பெங்களூர்க்காரர், இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டுவதாகச் சொன்னார். பணத்தை எங்கள் இருவர் கணக்கிலும் பாதிப் பாதியாகப் போட்டுவிட்டு, ஒரு பகுதியை மட்டும் நிறுத்தி வைத்துக்கொண்டார். மாடி காலியானதும் தருவதாகப் பேச்சு. "சீக்கிரம் காலி பண்ணிருவாங்க சார்" என்று தம்பி சொன்னான். வாடகைக்கு இருப்பவர்கள்தானே என்று நானும் தலையாட்டினேன்.

ஒரு நாள் டீ இடைவேளையில் அவரிடமிருந்து போன் வந்தது.

"மேடம், மேல இருக்கறவங்க லீசுன்னு சொல்றாங்க. காசு குடுத்தா போறேன்றாங்க. நீங்க யாரும் சொல்லவே இல்லையே?"

எங்கள் பக்கத்தில் லீசு என்றால், மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் குடியிருப்பது. காலி பண்ணும்போது வீட்டுக்காரர் அந்தத் தொகையை அப்படியே திருப்பித் தர வேண்டும். டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாடி ஏறினேன். கதவைத் திறந்தவளுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு இருக்கும். புருஷன் இல்லை, காலேஜில் படிக்கிற ஒரு மகள். தேன்கனிக்கோட்டைப் பக்கம் கொஞ்சம் நிலம் இருந்ததாம். வருஷா வருஷம் ராகி கதிர் வாங்குகிற நேரத்தில் யானை இறங்கிவிடும். காவல் காத்துச் சலித்துப்போய், நிலத்தை விற்று அந்தப் பணத்தை லீசாகக் கொடுத்து ஓசூருக்கு வந்துவிட்டாள்.

"யாருகிட்டம்மா குடுத்த?"

"அய்யாகிட்டதான்க்கா. உங்கப்பாகிட்ட. ஆஸ்பத்திரிக்குப் போக ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே."

தம்பியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் படியேறியிருந்தேன். அவள் காப்பி கொண்டுவந்து வைத்தாள். "எனக்கு வேற ஒன்னும் வேணாங்க்கா. குடுத்தது வந்தா நாளைக்கே போயிர்றேன்" என்றாள்.

அங்கிருந்து நேராகத் தம்பி வாடகைக்குப் போயிருந்த வீட்டுக்குப் போனேன். அவன் லோடு ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"லீசு விஷயத்த ஏண்டா சொல்லல?"

"சொன்னா வெலைய கொறச்சிருப்பான். பாக்கிப் பணம் வந்ததும் அதுலருந்து குடுத்துரலாம்னு இருந்தேன்."

"அப்ப அதுல பாதி என் பங்குலருந்து போகுதே, எனக்குச் சொல்ல வேணாமா? அந்தப் பணம் எங்க போச்சு?"

"அப்பாவுக்குத்தான் போச்சு. வாரத்துல ரெண்டு தடவை டயாலிசிஸ். யாரு கட்டுனா?"

"நான் மாசாமாசம் அனுப்புனேனே."

"நீ அனுப்புனது போய்வர்ற ஆட்டோவுக்கே பத்தலக்கா."

நான் வண்டியைப் பார்த்தேன். அப்பா படுக்கையில் விழுவதற்குக் கொஞ்சம் முன்னால் வாங்கிய வண்டி. நான் பார்த்ததை அவனும் பார்த்துவிட்டான்.

"லோன் வண்டிக்கா இது. இன்னும் கட்டிக்கினு இருக்கேன்" என்றான். உள்ளேயிருந்து அவன் மனைவி வந்து, "ராத்திரியெல்லாம் மாமாவுக்குப் பீ மூத்திரம் எடுத்தவங்க கணக்க யாருங்க அண்ணி பாக்கறது?" என்று கேட்டாள். அந்தக் கோபத்தில் நானும் ஏதேதோ பேசினேன். தம்பி பிள்ளைகள் சன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என் பங்கிலிருந்து ஒரு பைசா தரமாட்டேன் என்று நான் நின்றதில், அதற்குப்பின் எல்லாம் இழுத்தது. எங்கள் சர்ச் பங்குத்தந்தையிடம் சொல்லிப் பேசிப் பார்த்தோம். அவர் இரண்டு பேரையும் கேட்டுவிட்டு, "ரெண்டு பேர் சொல்றதும் சரியாத்தான் இருக்கு" என்று முடித்தார். வக்கீலைப் பார்த்தேன். அப்பா வாங்கிய கடன் வாரிசுகள் இருவருக்கும் பொது, தம்பிக்குத்தான் போனது என்றால் நீங்கள் நிரூபிக்க வேண்டும் என்றார். எதை வைத்து நிரூபிப்பது? என் கணவர் இரண்டு நாள் பேசினார், மூன்றாம் நாள் டிவியின் சத்தத்தைக் கூட்டிவைத்துக்கொண்டார். வேலையில் ஒரு சரக்கை மாற்றி அனுப்பி மேனேஜரிடம் திட்டு வாங்கினேன். பஸ்ஸில் போகும்போது மனதுக்குள்ளேயே தம்பியோடு சண்டை போடுவேன். அதில் எப்போதும் நான்தான் ஜெயிப்பேன். இறங்கும்போது உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருக்கும்.

மழைக்காலம் முடிகிற சமயம் மாடிக்காரி போன் செய்தாள். தண்ணி மோட்டார் ஓடவில்லை, புது ஓனர் கரண்டைக் கட் பண்ணிவிட்டார், கீழே கதவு சன்னலையெல்லாம் பெயர்த்து எடுக்கிறார்கள் என்றாள். அழவில்லை. "என்ன பண்ணலாங்க்கா?" என்று மட்டும் கேட்டாள்.

போய்ப் பார்த்தேன். தெருக்குழாயிலிருந்து தாயும் மகளும் குடத்தில் தண்ணீர் சுமந்து மாடி ஏறிக்கொண்டிருந்தார்கள். அம்மா போட்டோ மாட்டியிருந்த சுவரில் பாதி இல்லை. எனக்குச் சட்டென்று எல்லாம் போதும் என்று இருந்தது. பெருந்தன்மை ஒன்றும் கிடையாது, அலுப்புதான். வாசலில் நின்றபடியே பெங்களூர்க்காரருக்குப் போன் போட்டேன்.

"சார், நிறுத்தி வச்சிருக்கற பணத்துல லீசுத் தொகைய நேரா அவங்களுக்கே போட்டுருங்க. மிச்சத்தப் பாதியாக்கி எங்களுக்குப் போடுங்க."

"தம்பி ஓகேவா மேடம்?"

"அவனுக்கு ஓகேதான் சார். எனக்குத்தான் இல்லாம இருந்துச்சு."

ஒரு வாரத்தில் பணம் வந்தது. ஆனால் மாடிக்காரி லீசுக்கு வந்தபோது இருந்த ஓசூர் இப்போது இல்லை. அந்தத் தொகைக்கு ஒற்றை அறைகூட அவளுக்கு லீசுக்குக் கிடைக்கவில்லை. கடைசியில் சூளகிரிக்கு உள்ளே ஒரு கிராமத்தில் வாடகைக்குப் போனாள். மகள் அங்கிருந்து தினமும் பஸ்ஸில் காலேஜுக்கு வருகிறாள். எங்கள் சண்டையில் ஒன்றும் சம்பந்தமில்லாமல் நஷ்டப்பட்டவள் அவள்தான்.

தம்பி ஒரு மெசேஜ் அனுப்பினான். "இதையே அன்னைக்கே ஒத்துக்கிட்டிருக்கலாம்ல" என்று. நான் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை என்று டைப் செய்தேன், பிறகு அழித்துவிட்டேன்.

அப்புறம் என் கணவருக்குக் கண் ஆபரேஷன் என்று கேள்விப்பட்டு மாதுளம்பழத்தோடு வந்தான். அரைமணி நேரம் ஓசூர் டிராபிக்கைப் பற்றியே பேசினான். கிளம்பும்போது, "அப்பா வருஷப் பூசைக்குச் சொல்லியிருக்கேன். வருவியாக்கா?" என்றான்.

போனேன். பூசை முடிந்து கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றினோம். அந்தப் பணம் எங்கே போனது என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அங்கேதான் படுத்திருந்தார். தம்பி வண்டியிலேயே பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். கிருஷ்ணகிரி பஸ்ஸில் சன்னலோர சீட்டாகப் பார்த்து அவன்தான் பையை வைத்தான். "போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு" என்றான். பண்ணினேன். வந்து சேர்ந்துவிட்டேன் என்று சொன்னேன். சரி என்று வைத்துவிட்டான்.