ஸ்வெட்டர் போட்டு மெல்பேர்ணுக்குக் கொண்டுபோன சொக்லேட் நாஸ்தார்

மார்ச்சில், நோன்புப் பெருநாளுக்கு முதல்நாள், நாங்கள் சிட்னியிலிருந்து மெல்பேர்ணுக்குக் காரில் போனதற்குக் காரணம் ஒரு கண்ணாடிப் போத்தல் பிஸ்கற். ஹோம்புஷில் எங்கள் எதிர்வீட்டு ரினி இந்தோனேசியப் பெண். அவர்கள் பெருநாளில் வரவேற்பறை மேசையில் பிஸ்கற் போத்தல்களை அடுக்கித்தான் விருந்தினரை வரவேற்பார்கள். ஆனால் மெல்பேர்ணில், பொயிண்ட் குக்கில், அவளின் மாமியார் வீட்டு மேசையில், கல்யாணமாகி நாலு வருடமாகியும், ரினியின் போத்தலுக்கு இடமில்லை. அது குசினியிலேயே நின்றுவிடும்.

இம்முறை விடுவதில்லை என்று ரினியும் நானும் இறங்கினோம். நாஸ்தார் என்பது உள்ளே அன்னாசி ஜாம் வைத்த பட்டர் உருண்டை; மேலே ஒரு கராம்பு. கராம்பைத் தொடாமல், அடிப்பாதியைக் கசப்புச் சொக்லேட்டில் தோய்த்தோம். ரினி நோன்பு என்பதால் ருசிபார்க்கும் பொறுப்பு முழுவதும் எனக்கு. சந்தோசமாகவே சுமந்தேன்.

காலை ஐந்து மணிக்கு ரினியும் நானும் என் கணவரும் புறப்பட்டோம்; ரினியின் கணவர் முன்பே தாய்வீட்டுக்குப் போயிருந்தார். ஏறக்குறைய 880 கிலோமீற்றர், பெற்றோல் நூற்றிருபது டொலர். பத்து மணிக்கே வெயில் ஏறிவிட்டது. சொக்லேட் உருகாதிருக்க ஏசியை முழுதாகத் திருப்பிவிட்டு மூவரும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டோம்.

"கை விறைக்குது, கொஞ்சம் குறைப்பமே?" என்றார் காரோட்டிய என் கணவர்.

"குறையுங்கோ. உருகினா நீங்கள்தான் அவளின்ரை மாமியாருக்குப் பதில் சொல்லவேணும்."

அவர் ஸ்வெட்டர் கையை விரல்வரை இழுத்துவிட்டுக்கொண்டு ஓட்டினார். ஆல்பரியில் நாங்கள் சாப்பிட இறங்கியபோது ரினி போத்தலைத் துவாயில் சுற்றி அணைத்துக்கொண்டு வந்தாள். அதைப் பார்த்துப் பரிமாறும் பெண் குழந்தைக் கதிரை கொண்டுவந்து வைத்தாள். ரினி கொஞ்சமும் கூச்சப்படாமல் போத்தலை அதில் இருத்தினாள்.

பின்னேரம் நாலரைக்குப் போய்ச் சேர்ந்தோம். ஒன்றுகூட உருகவில்லை.

பெருநாள் காலை மாமியார் போத்தலைப் பார்த்தார், அப்படியே தூக்கிக் குசினிக்குக் கொண்டுபோனார். ரினியின் முகம் வாடிவிட்டது. எனக்கு அழுகையே வந்தது. ஆனால் மாமியார் திரும்பி வர நேரமெடுத்தது. வந்தபோது கையில் அதே போத்தல், உதட்டோரம் சொக்லேட். தன்னுடைய போத்தலை ஓரமாகத் தள்ளி, ரினியுடையதை மேசை நடுவில் வைத்தார். மத்தியானத்துக்குள் அது காலி.

இப்படிப் போகிறவர்களுக்கு: சொக்லேட்டை முதல்நாளே நன்றாக இறுகவிடுங்கள், ஐஸ் பெட்டி ஒன்று எடுங்கள், எங்களைப்போல் நடுங்கத் தேவையில்லை.

புறப்படும்போது ரினி வெறும் போத்தலைக் கழுவ எடுத்தாள். மாமியார் அதை வாங்கி மறுபடி மேசை நடுவில் வைத்துத் தங்கள் மொழியில் ஏதோ சொன்னார்.

"என்னவாம்?" என்று கேட்டேன்.

"போத்தல் இங்கேயே இருக்கட்டுமாம். அடுத்த பெருநாளுக்கு நான் வந்து நிரப்பினால் போதுமாம்," என்றாள் ரினி.