ரக்ன்ஃப்ரிட்டின் இடது கால்

ரக்ன்ஃப்ரிட் த்ரோண்ட்ஹெய்மில் நகரப் பேருந்து ஓட்டுகிறாள். வாரத்தில் இரண்டு மாலை எங்கள் அணியில் ஹேண்ட்பால் ஆடுகிறாள். நான் அந்த அணியின் கோல்கீப்பர். அதாவது, மற்றவர்கள் எறிவதையெல்லாம் மூஞ்சியில் வாங்கிக்கொள்ளும் மகராசி.

ஒன்றரை வருடத்துக்கு முன் துள்ளிப் பந்தெறிந்துவிட்டு இடது காலில் இறங்கியபோது அவளுக்கு முட்டி ஜவ்வு கிழிந்தது. ஆபரேஷன் ஆகி, டாக்டர் ஆடலாம் என்று சொல்லியும் ஆயிற்று. வந்தாள், ஓடினாள். துள்ள மட்டும் மாட்டாள். கோலுக்கு முன்னால் வழி திறந்து கிடந்தாலும் பந்தை யார் கையிலாவது திணித்துவிட்டு ஒதுங்கிவிடுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்போதுதான் பல்கலைக்கழகத்திலிருந்து சுன்னிவா என்ற ஆராய்ச்சிக்காரப் பெண் ஆள் தேடி வந்தாள். கீழ்க்காலைத் திடீரென்று முன்னால் தள்ளினால், தொடையின் பின்தசை எவ்வளவு சீக்கிரம் விழித்துக்கொண்டு முட்டியை இழுத்துப் பிடிக்கிறது என்று அளக்கிறாளாம். பொழுதுபோக்காக ஆடும் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஆபரேஷன் ஆன முட்டிக்காரர்களும் சிலர் வேண்டுமாம். ரக்ன்ஃப்ரிட் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள்.

ஒருநாள் பயிற்சி முடிந்த கையோடு பல்கலைக்கழகத்துக்குப் போனோம். ஆண்கள் கணக்கில் அவள் கணவன் தோர்கெய்ரும் வந்தான்.

காரில் அவள் சொன்னாள்: "இந்தக் கால் மந்தம்னு வந்தா, ஷூவைத் தூக்கிக் கடாசிடுவேன்."

"அது ஆராய்ச்சிடி, கோர்ட்டுத் தீர்ப்பு இல்ல."

"எனக்குத் தீர்ப்புதான்."

சுன்னிவா ரக்ன்ஃப்ரிட்டின் தொடைகளுக்குப் பின்னால் சிக்னல் பிடிக்கும் ஒட்டுவில்லைகளை ஒட்டிவிட்டு, தோர்கெய்ரை முதலில் உட்கார வைத்தாள். கருவி கீழ்க்காலைத் தள்ளியதும் "ஐயோ!" என்று கத்தினான், அவ்வளவு பெரிய ஆம்பளை.

பிறகு ரக்ன்ஃப்ரிட். வலது காலில் திரையில் கோடு உடனே எகிறியது. இடது காலில் ஒன்றையும் காணோம். எல்லாம் முடிந்தபிறகு ஏதோ லேசாக அசைந்தது. மறுபடியும் தள்ளினார்கள். மறுபடியும் அதேதான்.

"சரி, முடிஞ்சுது" என்றாள் ரக்ன்ஃப்ரிட். இந்த ஆராய்ச்சி நாசமாய்ப் போக என்று மனதுக்குள் திட்டினேன்.

சுன்னிவா புருவத்தைச் சுருக்கினாள். "இருங்க. இவ்வளவு தாமதத்தை எந்தக் கால்லயும் நான் பார்த்ததில்லையே." குனிந்து வில்லையை எடுக்கப் போனாள். வரவில்லை. இழுத்தால் நூல் நூலாக நீண்டது.

"என்னங்க இது?"

ரக்ன்ஃப்ரிட் முகம் சிவந்துபோயிற்று. "வேர்வையில கழண்டு விழுந்துது. நீங்க அவரைப் பார்த்துட்டிருந்தீங்க. அதான், ஷூலேர்ந்து கொஞ்சம் பிசின் எடுத்து நானே ஒட்டிட்டேன்."

பந்து கையில் ஒட்டுவதற்குப் பிசின் பூசுவோம். ஆட்ட நடுவில் தொட்டுக்கொள்ள ஷூவின் மேலேயும் ஒரு உருண்டை அப்பிவைப்போம். எது கழன்றாலும் ஹேண்ட்பால்காரிக்கு அதுதான் மருந்து.

"பிசினைத் தாண்டி சிக்னல் எப்படிங்க வரும்!" என்றாள் சுன்னிவா. தோர்கெய்ர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

எண்ணெய் போட்டுத் துடைத்து, ஸ்பிரிட்டால் சுத்தம் செய்து, புது வில்லை ஒட்டினாள். தள்ளியதும் கோடு எகிறியது. திரும்பத் திரும்பத் தள்ளிப் பார்த்தாள். இடதும் வலதும் ஒன்றுபோலவே இருந்தன. அப்பாடா என்று நான் நாற்காலியில் சாய்ந்தேன்.

"ஆடலாமா வேண்டாமான்னு இது சொல்லாது. அதை டாக்டர்தான் சொல்லணும்" என்றாள் சுன்னிவா.

"அவர் எப்பவோ சொல்லிட்டார். நான்தான் நம்பலை." சொல்லிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு ஓவென்று அழுதாள். தோர்கெய்ர் சிரிப்பை நிறுத்திவிட்டு அவள் முதுகைத் தடவிக்கொடுத்தான்.

அடுத்த பயிற்சியில் அவள் என் கோலை நோக்கி ஓடி வந்தாள். வழி திறந்திருந்தது. பக்கத்தில் ஒருத்தி பந்துக்காகக் கை நீட்டினாள். ரக்ன்ஃப்ரிட் கொடுக்கவில்லை. துள்ளினாள். பந்து என் காதை உரசிக்கொண்டு வலைக்குள் போயிற்று. இடது காலில் இறங்கி, அசையாமல் நின்றாள்.

"ஏன்டி தடுக்கல?" என்று என்னைக் கேட்டாள்.

"பந்தை எவ பார்த்தா? உன் காலைத்தானே பார்த்துட்டிருந்தேன்!"