மூன்று கார்பரேட்டரும் ஒரு மேலுமலையும்

கார்பரேட்டர் ஒன்று இருந்தால் அது மெக்கானிக் வேலை. மூன்று இருந்தால் பஞ்சாயத்து. பழைய வண்டி வைத்திருக்கும் பெரிய மனிதர்களிடம் மாட்டிக்கொண்ட சக பாவிகளே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

சமீபம் வரை ராத்திரி ஓசூரில் ஒரு கம்பெனியில் பேட்டரி ஸ்கூட்டருக்குப் பாகம் செய்துகொண்டிருந்தேன். பகலில் மத்திகிரி வாடகை வீட்டு வாசலில், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டும் இந்தக் கார்பரேட்டர்களைக் கழற்றிக்கொண்டிருந்தேன். யாரும் சொல்லித் தரவில்லை. கழற்றினேன், மாட்டத் தெரியாமல் முழித்தேன், அப்படிக் கற்றதுதான். பதினோரு வருஷம் நைட் ஷிப்ட். உச்சிவெயிலில் ஜன்னலுக்குப் போர்வை கட்டித் தூங்குகிறவனுக்குத்தான் தெரியும், இந்த ஊரில் எத்தனை பேர் ஒலிபெருக்கி வைத்துப் பழைய இரும்பு வாங்குகிறார்கள் என்று.

ஒன்று போதாது

குருபரப்பள்ளிப் பக்கம் மாங்கூழ் ஃபேக்டரி வைத்திருக்கும் வெங்கடப்பா, கப்பல் நீளத்துக்கு ஒரு பழைய அமெரிக்கக் கார் வாங்கினார். எட்டு சிலிண்டர். ஸ்டார்ட் செய்தால் பக்கத்துத் தோப்பில் மாங்காய் உதிரும். அதிலிருந்த ஒரே கார்பரேட்டர் ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்துகொண்டிருந்தது. அவரோ, எவனோ மூன்று கார்பரேட்டர் வைத்து ஓட்டுவதைச் செல்போனில் பார்த்துவிட்டார். சாமானெல்லாம் வரவழைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"மேலுமலை ஏத்தத்தை ஒரே மூச்சுல ஏறிட்டா, ரோட்டோரம் இருக்கற என் ஷெட்டு உனக்கு. வாடகை வேணாம். நைட் ஷிப்ட்டுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துரு" என்றார். ராத்திரியில் படுத்துத் தூங்குவதுபோல அங்கேயே நின்றபடி கனவு கண்டேன். இருந்தாலும் தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதே. "ஒண்ணே நல்லா ஓடுதுங்களே சார்?" என்றேன்.

"ஒண்ணு எல்லாருகிட்டயும் இருக்குதுப்பா."

உட்கார்ந்திருப்பவர்கள்

அவர் வீட்டு முற்றத்திலேயே வேலை. மூன்றையும் வரிசையாக உட்காரவைத்தேன். இதில் ஒரு முறை உண்டு. நடுவில் இருப்பதுதான் எப்போதும் உழைக்கும். முன்னும் பின்னும் இருக்கும் இரண்டும், ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்தால் மட்டும் கண் திறக்கும். எங்கள் கம்பெனியிலும் இதே அமைப்புதான். ஆனால் அங்கே அடிவரை மிதித்தாலும் மேனேஜர்கள் கண் திறப்பதில்லை.

இதை வெங்கடப்பாவிடம் விளக்கியது என் முட்டாள்தனம். பானெட்டுக்குள் குனிந்து அந்த இரண்டையும், டீக்கடையில் பிடிபட்ட கூலியாட்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். மூன்றையும் ஒரே கம்பியில் கோத்து ஒன்றாகத் திறக்க வைக்கச் சொன்னார். ஏற்றத்தில் திணறும் என்றேன்.

"என் ஃபேக்டரியில சும்மா உக்காந்து ஒருத்தன் சம்பளம் வாங்க முடியாது. இவனுங்க ரெண்டு பேரு மட்டும் என்ன, என் மச்சானுங்களா?"

இழுப்பு

ஒன்றாகத் திறப்பதென்றால் மூன்றும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். அதைப் பார்க்க மீட்டர் இருக்கிறது, என்னிடம் இல்லை. ரப்பர் குழாயின் ஒரு முனையைக் கார்பரேட்டர் வாயிலும் மறு முனையைக் காதிலும் வைத்து, உஸ்ஸென்ற சத்தத்தை ஒப்பிட்டுத் திருகாணியைத் திருப்புவேன். ஷிப்ட் முடித்து நேரே வந்த காது. அதற்கு உலகமே உஸ்ஸென்றுதான் கேட்கும்.

இப்படிக் குனிந்திருந்தபோது வெங்கடப்பாவின் சம்சாரம் மோர் கொண்டுவந்தார்கள். "என்னப்பா சொல்லுது?" என்றார்கள். "நடுவுலதுதாங்கம்மா ரொம்ப இழுக்குது" என்றேன். அந்தம்மா ஃபேக்டரிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்கள்:

"எங்கூட்டுலயும் அப்படித்தான். மூணு பசங்கள்ல நடுவுலவன்தான் இழுக்கறான். கேட்டா ஊதுபத்தி வாசனைங்கறான்."

சாலு

வெங்கடப்பாவுக்குத் தெலுங்கு. அவருடைய டிரைவர் முனிராஜுக்குக் கன்னடம். நடுவில் தமிழோடு நான். இந்த எல்லையில் மூன்றும் கலந்துதான் பிழைப்பு நடக்கிறது, பக்கத்தில் எஞ்சின் ஓடாதவரை. முனிராஜ் ஆக்சிலேட்டரை மெல்ல மிதிக்க, நான் திருகாணியில் கை வைத்திருக்க, வெங்கடப்பா மேற்பார்வை. சத்தம் ஏறியதும் "சாலு, சாலு!" என்று கத்தினார். தெலுங்கில் 'போதும்'. அந்த இரைச்சலில் முனிராஜ் காதில் விழுந்தது கன்னட 'சாலது', அதாவது 'பத்தாது'. மிதித்தான். இவர் இன்னும் உரக்கக் கத்தினார். அவன் இன்னும் மிதித்தான். முன் கார்பரேட்டர் வாய்வழியே நெருப்பைத் துப்பியது. என் வலப்புருவத்தில் பாதி போயிற்று. நான் பாய்ந்து சாவியைத் திருப்பி அணைத்தேன். முனிராஜ் வியர்வையைத் துடைத்துக்கொண்டு முதலாளியைக் கேட்டான்:

"இதுக்கு மேல மிதிக்கணும்னா கீழ ஓட்டை போடணும் சார். இன்னுமா பத்தலே?"

முதல் ஏற்றம்

மேலுமலையில் பாதி ஏற்றத்தில், மூன்றும் சேர்ந்து பெட்ரோலைக் கொட்டி, எஞ்சின் மூச்சுமுட்டி நின்றது. பின்னால் கரும்புகை. கிரானைட் லாரிகள் ஹாரனாலேயே திட்டின. வெங்கடப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. "அடுத்த ஞாயித்துக்கெழம இன்னொரு தடவ. அதோட சரி" என்று மட்டும் சொன்னார். ஷெட்டு கைநழுவி மலையிறங்கிப் போவது எனக்குத் தெரிந்தது. அப்போது எங்களை ஒதுங்கிக் கடந்த லாரியிலிருந்து கிளீனர் தலை நீட்டினான்:

"அண்ணே, எங்க ஏரியாவுலயும் கொசு ஜாஸ்தி. எப்ப வருவீங்க?"

இரண்டாம் ஏற்றம்

நான் அடுத்துச் செய்ததைத் துரோகம் என்று நீங்களாவது சொல்லாதீர்கள். வெங்கடப்பா மண்டிக்குப் போயிருந்த நேரத்தில் கம்பியைப் பிரித்து, நான் முதலில் சொன்ன முறைப்படியே நடுவிலுள்ளதை மட்டும் உழைக்க விட்டேன். அடிவரை மிதிக்கும்வரை ஓரத்து இரண்டுக்கும் ஓய்வு. அவரிடம் மூச்சு விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கார் மேலுமலையை ஒரே மூச்சில் ஏறியது. கடைசி வளைவில் அவர் அடிவரை மிதித்தார். அந்த இரண்டும் கண் திறந்தன பாருங்கள், முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. "பாத்தியா, மூணு பேரையும் வேலை வாங்குனா எப்படி ஏறுது!" என்று தொடையில் தட்டினார். ஆமாங்க என்றேன். ராத்திரித் தூக்கத்துக்காக இதைவிடப் பெரிய பொய்யும் சொல்வேன்.

திரும்பும் வழியில் ஷெட்டின் முன்னால் நிறுத்தி, சாவியை என் உள்ளங்கையில் வைத்தார். திறந்து பார்த்தேன். உள்ளே இரண்டு லாரிகள் நின்றன.

"ஷெட்டு உனக்குத்தான்பா, பேச்சு மாற மாட்டேன். பகல்ல நம்ம மாங்காய் லோடு எறங்கும். சாயங்காலம் லாரி கெளம்பிரும், அப்புறம் விடிய விடிய உன்னுதுதான்."

ஆக, பதினோரு வருஷம் கம்பெனிக்காக முழித்திருந்தவன் இப்போது சொந்தத் தொழிலுக்காக முழித்திருக்கிறேன். முன்னேற்றம் என்றால் இதுதான் போலிருக்கிறது.