முகமூடி தளர்ந்த வாரம்

எனக்கும் என் சகலனுக்கும் ஒரே ஆண்டில்தான் தொண்டையில் புற்றுநோய் வந்தது. நான் லிங்கநகரிலிருந்து வெளியூர் ஆஸ்பத்திரிக்குப் போய், விடுதியில் தங்கி, சாதாரணக் கதிர்ச் சிகிச்சை எடுத்தேன். முப்பத்தைந்து தடவை. அவரை மகன் வெளிநாட்டுக்குக் கூப்பிட்டுப் புரோட்டன் சிகிச்சை செய்வித்தார். முப்பத்து மூன்று. அவருக்கு இரண்டு தடவை குறைவு என்பதைக்கூட என்னால் பொறுக்க முடியவில்லை.

ஒவ்வொரு ஞாயிறும் சகலன் தொலைபேசியில் விளக்கம் தருவார். புரோட்டன் கட்டியோடு நின்றுவிடுமாம். ஆனால் உடம்பு மெலிந்தால் அது நிற்கும் இடம் மாறிவிடுமாம். அதனால் தலை சற்று விலகினால் என்ன, சதை குறைந்தால் என்ன என்று முன்பே பல விதமாகக் கணக்குப் போட்டு, எல்லாவற்றையும் தாங்கும் திட்டம் வைத்திருக்கிறார்களாம். துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் ஆழம் அளந்தவன் நான். கப்பலின் அடியில் எவ்வளவு தண்ணீர் விட வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? எனக்கும் கட்டியைச் சுற்றி ஓரம் விட்டுத்தான் அடிக்கிறார்கள் என்றேன். "ஓம், ஓம்," என்றார், சின்னப்பிள்ளைக்குச் சொல்வதைப்போல.

முதல் இரண்டு வாரத்தில் அவருக்கு ஒரு கிலோ குறைந்தது, எனக்கு மூன்று. ஒரு வாய்ச் சோற்றை இருபத்தேழு தரம் மென்றாலும் இறங்காது. மூன்றாம் திங்கட்கிழமை நிறை பார்க்கையில் இடுப்பில் கட்டிய சாரத்து மடிப்பில் இரண்டு பூட்டும் சாவிக்கொத்தும் செருகிக்கொண்டு தராசில் ஏறினேன். அடுத்த திங்கட்கிழமை மூன்று பூட்டு. நான் அதற்குமேல் குறையவில்லை என்று தொலைபேசியில் சொன்னதும் சகலன் பேச்சை மாற்றினார். நாக்கில் ருசியே இல்லாத நாட்களில் அது மட்டும் இனித்தது.

அந்த வாரம், தலையை மேசையோடு பிடிக்கிற முகமூடிக்குள் கதிர் கொடுக்கும் பிள்ளை விரலை விட்டுப் பார்த்தாள்.

"ஐயா, என்ர ரெண்டு விரல் போகுது. நிறை குறையேல்ல எண்டு எழுதிக் கிடக்கு. எப்பிடி?"

பூட்டுக் கதையைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"நாங்க விட்ட ஓரம் மில்லிமீற்றர் கணக்கு. நீங்கள் ஒளிச்சதை அதுக்குள்ள அடக்க ஏலாது."

சிகிச்சையை நிறுத்தினார்கள். புது ஸ்கான், புது முகமூடி, புதுத் திட்டம். அதுவரை அடித்த கதிர் கட்டியில்தான் பட்டதா என்று இரண்டு நாள் எனக்குத் தெரியாது. தினம் எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு, ஓரத்துக்குள்தான் இருக்கிறது, மயிரிழையில் தப்பியது என்றார் டாக்டர்.

ஞாயிறன்று சகலனிடம் உண்மையைச் சொன்னேன்.

"எனக்கும் அஞ்சு கிலோ குறைஞ்சு போட்டுது, சகலன்," என்றார் அவர். "நீங்கள் குறையேல்ல எண்டதும் சொல்ல வெக்கமாக் கிடந்தது. இஞ்ச திரும்ப ஸ்கான் எடுத்துப் பாத்தவங்கள்."

எத்தனை நாள் நிறுத்தினார்கள் என்று உடனே கேட்டேன்.

ஒரு நாளும் இல்லையாம். பழைய திட்டமே தாங்கியதாம்.

நல்லது என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். அன்று முழுவதும் அவரோடு எனக்குக் கோபம்.