அண்ணா காட்டிய கடல்

இரண்டு கோடைக்கு முன்னர், அம்மாவைக் கூட்டிக்கொண்டு ரொறன்ரோவிலிருந்து அயர்லாந்துக்குப் போனேன். அண்ணா அங்கே கால்வே நகரில், ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். கலியாணம் செய்யவில்லை. நாட்டை விட்டு வெளிக்கிட்டபோது நாங்கள் கனடா வந்து சேர்ந்தோம்; அவர் பாதி வழியில் அயர்லாந்தோடு நின்றுவிட்டார். விசா, வேலை, லீவு என்று ஏதாவது ஒன்று குறுக்கே நிற்க, அம்மா அவரைக் கண்டு பத்தொன்பது வருடமாகியிருந்தது. அப்பாவின் செத்தவீட்டையும் அவர் போனில்தான் பார்த்தார்.

நாங்கள் நின்ற ஒரு கிழமையில் அண்ணா ஒருநாளைக் கடற்கரையோரம் சுற்றிப் பார்க்க ஒதுக்கியிருந்தார். அம்மா விடிய எழும்பி, பாண் துண்டுகளுக்குள் உறைப்பான கட்டைச் சம்பல் வைத்துக் கட்டி எடுத்தார்.

ஒடுங்கிய பாதை. ஒரு பக்கம் கல்மதில், மற்றப் பக்கம் கடல். எதிரே வாகனம் வந்தால் அண்ணா மதிலோடு ஒட்டி நிறுத்தி, ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்துவார்.

"உவரைத் தெரியுமோ தம்பி?" அம்மா ஒவ்வொரு முறையும் அண்ணாவைக் கேட்டார்.

"இல்லையம்மா. இஞ்சை அப்பிடித்தான்."

முன் சீட்டில் இருந்த அம்மாவின் கை, அண்ணாவின் முழங்கையை விட்டு எடுபடவில்லை. "நல்லா மெலிஞ்சு போனாய்."

"தனி ஆளுக்குச் சமைக்கப் பஞ்சியம்மா."

கடலுக்குள் செங்குத்தாக இறங்கும் மோகர் பாறைகளுக்கு மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். காற்று ஆளைத் தள்ளியது. அம்மாவைத் தேநீர்க் கடைக்குள் இருத்திவிட்டு நாங்கள் இருவரும் படி ஏறினோம். இருபது படிகூட இராது, அண்ணா ஓரத்தில் இருந்துவிட்டார்.

"நீ போய்ப் பார், தங்கச்சி. நான் கனதரம் பாத்திட்டன்."

மேலே போய் நாலைந்து படம் எடுத்தேன். திரும்பி வந்தபோது அவர் வயிற்றைப் பிடித்தபடி குனிந்திருந்தார். முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது.

"என்னண்ணா?"

"வயித்திலை கான்சர். ஈரலுக்கும் பரவிப்போட்டுது."

"எப்ப தெரியும்?"

"மாசியிலை. அம்மாவுக்குச் சொல்லாதை. இந்த ஒரு கிழமையாவது அவ சந்தோசமா இருக்கட்டும்."

சரியென்று தலையாட்டினேன். அவர் பக்கத்தில் இருந்தேன். "உண்மையிலை உந்தப் பாறையை நான் ஒருநாளும் பாத்ததில்லை" என்றார். "இவ்வளவு கிட்ட இருந்தும் வரேல்லை. எந்த நேரமும் வேலை."

அவருடைய கையைப் பிடித்து ஏற்றினேன். நாலு படிக்கு ஒருதரம் நின்றோம். மேலே போய், அந்தப் பெரிய பாறைச் சுவரில் கடல் அடிப்பதை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "நல்ல உயரம்" என்றார்.

கீழே, தேத்தண்ணி ஆறிப்போனதென்று அம்மா எங்களை ஏசினார். பிறகு பாணைப் பிய்த்து அண்ணாவுக்குத் தீத்திவிட்டார். அவரும் சின்னப் பிள்ளையைப் போல வாயைத் திறந்தார். விழுங்க அவர் பட்ட பாடு எனக்கு மட்டும் தெரிந்தது.

அந்த வருட ஐப்பசியில், அண்ணா போய்விட்டார் என்று அவரோடு வேலை செய்த ஒருவர் போன் பண்ணினார். அம்மாவுக்கு அந்த நேரம் உடம்பு சரியில்லை; பிரயாணம் செய்ய ஏலாமல் இருந்தது. நான் தனியாகப் போய் எல்லாம் முடித்துவிட்டு வந்தேன்.

ரொறன்ரோவுக்குப் பக்கத்தில், விட்பியில் எங்கள் வீட்டு வாசலில் நான் சப்பாத்தைக் கழற்ற முதல் அம்மா கேட்டார். "உனக்கு முந்தியே தெரியுமோ?"

பொய் சொல்லியிருக்கலாம். "ஓமம்மா. அண்டைக்கு அந்தப் பாறையடியிலை சொன்னவர்."

"எனக்குச் சொல்லியிருந்தா நான் அங்கையே நிண்டிருப்பன். என்ரை பிள்ளைக்குக் கஞ்சியாவது காச்சிக் குடுத்திருப்பன்."

அண்ணாவுக்குக் கொடுத்த வாக்கைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அம்மா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதன்பிறகு அவர் என்னோடு கோபமாக இருந்தார் என்று சொல்ல முடியாது. சாப்பிடுகிறார், கோயிலுக்கு வருகிறார், பேரப்பிள்ளைகளோடு சிரிக்கிறார். போன மாதம் இரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்க அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். தமிழ் டொக்டர். வழக்கம்போல என்னைப் பார்த்துப் பேசத் தொடங்கினார். அம்மா கையை உயர்த்தி மறித்தார்.

"எனக்கு நேரை சொல்லுங்கோ டொக்டர். இவவிட்டைச் சொல்லாதேங்கோ."

நான் எழுந்து வெளியே போய் இருந்தேன்.