நாசர்க்கா காத்திருந்த கன்ட்ரோலர்

நாசர்க்கா போய்விட்டார். நேற்று காலை... இரண்டாவது ஸ்ட்ரோக்.

நான் இடப்பள்ளி ஷோரூமில் ஒரு கஸ்டமரிடம் பேசிக்கொண்டிருந்தேன். புது கன்சோலில் டிஸ்க் போடும் இடம் இருக்குமா, எடுத்துவிடுவார்களா என்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் பிஜு போன் செய்தான். கஸ்டமருக்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மட்டாஞ்சேரி கொச்சங்காடியில் ஒரு கேம் கன்சோல் சர்வீஸ் கடை. அங்கே ஆறு வருடம் நாசர்க்காவும் நானும் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து வேலை பார்த்தோம். பிஜு மூன்றாவது ஆள். மூன்று பேருக்கு ஒரு ஃபேன், அதுவும் நாசர்க்கா பக்கம்தான் திரும்பியிருக்கும்.

நாசர்க்கா ராவுத்தர் குடும்பம். இக்கா என்றால் அங்கே அண்ணன். வீட்டில் தமிழ், கடையில் மலையாளம், திட்டும்போது இரண்டும் கலந்து வரும். என்னோடு எப்போதும் தமிழ்தான்.

எங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. இன்னும் வெளிவராத கன்சோலில் என்னென்ன இருக்கும் என்று யூகிப்பது...

நெட்டில் எல்லோரும் கம்பெனியிலிருந்து கசிகிற லீக்குகளை வைத்து சிப், டெராபைட் என்று பேசுவார்கள். நாங்கள் மேஜைக்கு வரும் ரிப்பேரை வைத்துப் பேசுவோம். ஸ்டிக் தானாக ஒரு பக்கம் நகர்கிறது என்று கன்ட்ரோலர்கள் வரிசையாக வந்தால், அடுத்ததில் காந்தம் வைத்த ஸ்டிக் வரும். சூடாகி அணைந்து போகிறது என்று வந்தால், அடுத்ததில் ஃபேன் பெரிதாகும். யூகத்தை, ரிப்பேருக்கு வரும் சாமானில் கட்டுகிற ஜாப் டேக் அட்டையின் பின்னால் எழுதிச் சுவரில் ஒட்டுவோம். தோற்றவர் செலவில் பழம்பொரியும் சாயாவும்.

"நாம பாக்குற உடைசல கம்பெனிக்காரன் பாத்தா போதும் கலா, ஒரு லீக்கும் வேண்டாம்" என்பார். பெரும்பாலும் அவர்தான் ஜெயிப்பார். எனக்கு அதில் எரிச்சல்தான்.

ஞாயிறு கடை லீவு. அன்றைக்கு மகள் சுமையாவைக் கூட்டிவந்து டெஸ்ட் டிவியில் ஃபுட்பால் கேம் ஆடுவார். வேலை பாக்கி இருந்து நான் போன நாட்களில் பார்த்திருக்கிறேன். மகளுக்காக விட்டுக்கொடுக்கிற அப்பா இல்லை. கோல் மேல் கோல் போட்டுவிட்டு வாய்விட்டுச் சிரிப்பார். அவள் அழுதுகொண்டே ரீமேட்ச் கேட்பாள்.

இரண்டு வருடத்துக்கு முன் முதல் ஸ்ட்ரோக். வலது கை போனது. சால்டரிங் அயர்ன் பிடிக்க முடியாது... கன்ட்ரோலரும்.

அப்புறமும் கடைக்கு வந்தார். இடது கையால், கோணல்மாணலாக, ஒரே ஒரு யூகம் எழுதி ஒட்டினார். ஒற்றைக் கையால் விளையாடுகிற கன்ட்ரோலர் கன்சோல் பெட்டியிலேயே வரும் என்று.

ஒற்றைக் கையால் ஆடுகிறவர்களுக்கென்று தனியாக விற்கும் சாமான்கள் உண்டு. பிஜு காட்டினான். அவர் கையாலேயே தொடவில்லை. "அது சுகமில்லாதவனுக்குன்னு செஞ்சது. எல்லாருக்கும் வர்ற பெட்டியில எனக்கும் வரணும்" என்றார்.

நாளாக நாளாக அவர் பேச்சே குறைந்தது. மேஜையில் சும்மா உட்கார்ந்து நாங்கள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்குத் தாங்கவில்லை.

இதைத்தான் எழுத வந்தேன்.

ஒரு லீக் வந்தது. அதைச் செய்தது நான். போனிலேயே, பத்து நிமிட வேலை. ஒரு மங்கலான ஸ்பெக் ஷீட். அவர் நம்ப வேண்டுமே என்று காந்த ஸ்டிக், பெரிய ஃபேன் என்று அவருடைய யூகங்களையே வரிசையாகப் போட்டு, கடைசிக்கு முந்தின வரியில் ஒற்றைக் கை மோட் என்று சேர்த்தேன். யாரோ அனுப்பியது போலக் கடை வாட்ஸப் குரூப்பில் போட்டேன்.

இரண்டு நாள் சந்தோஷமாக இருக்கட்டும், பிறகு சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அன்று அவரே எல்லோருக்கும் பழம்பொரி வாங்கித் தந்தார். ஜெயித்தவர் வாங்கித் தருகிற வழக்கம் எங்களிடம் கிடையாது. எப்படிச் சொல்வேன்?

அடுத்த மாதம் பிஜு ஒரு பழைய கன்ட்ரோலரைக் கொண்டுவந்தான். வலது பக்கம் இருப்பதையெல்லாம் இடது கைக்கு எட்டுகிற மாதிரி மாற்றித் தருகிறேன் இக்கா, இரண்டு வாரம் போதும் என்றான். அவனால் முடியும். அந்த வேலையில் அவன் புலி.

நாசர்க்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். "இவன்ட்ட சொல்லு கலா. கம்பெனியே தரப் போறான், எதுக்கு வெட்டி ஒட்டணும்? நீ அனுப்பினது இவன் பாக்கல போல. நான் காத்திருக்கேன்."

வாயில் சாயா. விழுங்கிவிட்டு, ஆமாம் இக்கா என்றேன்.

பிஜு கன்ட்ரோலரைத் திரும்பவும் டப்பாவில் போட்டான்.

அப்புறம் நான் இடப்பள்ளிக்கு வேலை மாறிவிட்டேன். எப்போது போன் செய்தாலும் ஏதாவது புதுசாக வந்ததா என்று கேட்பார். வரும் இக்கா, வரும் இக்கா... ஒன்றரை வருடம் இதையே சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சுமையா கம்ப்யூட்டரோடு ஆடுவாளாம், அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாராம்.

நேற்று வீட்டுக்குப் போனேன். ஆண்கள் எல்லோரும் அவரைப் பள்ளிவாசலுக்கு எடுத்துக்கொண்டு போன பிறகு சுமையா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இப்போது பத்தாம் வகுப்பு. அந்த கன்சோல் எப்போது வரும் ஆன்ட்டி என்று கேட்டாள். முதல் மேட்ச் உன்னோடுதான் என்று அத்தா சொல்லி வைத்திருந்தாராம்.

இன்னொரு தடவை என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் கத்தவில்லை, அழவில்லை.

"அப்ப பிஜு அங்கிள் செஞ்சு தந்திருந்தா... நாங்க விளையாடியிருக்கலாம்தானே ஆன்ட்டி?"

ஆமாம் என்றேன். அவள் எழுந்து உள்ளே போனாள்.

கமென்டில் யாரும் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம். ப்ளீஸ்.

நாசர்க்கா, அந்த லீக் பொய். நான் செய்தது. உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும்...

போய் வாருங்கள் இக்கா.