இரண்டாம் படி நனையும் முன்

போன மாதம் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது, நாலு வயதாகும் என் மகள் வாய்க்கால் படித்துறையில் உட்கார்ந்து தண்ணீருக்குள் காலை விட்டுக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். இழுத்த வேகத்தில் அவள் கை சிவந்துவிட்டது. ஏன் கூடாது என்று கேட்டாள். சொல்ல வாயெடுத்து, எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல், "கூடாதுன்னா கூடாது" என்றேன். சொன்ன பிறகுதான் அது அப்பாவின் பேச்சு என்று உறைத்தது. காரணம் சொல்லாமல் பிள்ளையைத் தடுக்கக் கூடாது என்று படித்த இடத்திலெல்லாம் கோடு போட்டு வைத்திருக்கிறவள் நான்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா பாத்திரக் கம்பெனியில் வேலை பார்த்தார். எங்கள் வாய்க்காலின் கரையிலேயே இருந்தது அது. வட்டமாக வெட்டிய பித்தளைத் தகட்டை இயந்திரத்தில் வைத்து அழுத்தி, குடமாகவும் அண்டாவாகவும் தாம்பாளமாகவும் ஆக்குவார்கள். ஒரு அளவுக்கு மேல் அழுத்தினால் தகடு முரண்டு பிடிக்கும். உலையில் காய்ச்சினால் இளகும், ஆனால் கறுத்துப்போகும். அந்தக் கறுப்பு போக அதை ஆசிட் தொட்டியில் முக்கி எடுக்க வேண்டும். தொட்டிதான் அப்பாவின் பொறுப்பு. அவர் சட்டைகளில் கடுகு கடுகாக ஓட்டை விழுந்திருக்கும். "இது சட்டையா, மீன் பிடிக்க வலையா?" என்று கேட்டுக்கொண்டே அம்மா தைத்துத் தருவாள்.

நாள்பட நாள்பட ஆசிட் வீரியம் இழந்து பச்சையாகிவிடும். அதைக் கொட்ட இடம் வாய்க்கால். கோடையில் வாய்க்கால் காய்ந்து கிடக்குமென்பதால் பீப்பாய் பீப்பாயாகப் பிடித்து அடுக்கி வைப்பார்கள். ஜூன் மாதம் பேச்சிப்பாறை அணை திறந்து, நாலைந்து நாள் கழித்துக் வாய்க்கால் முடியும் கடைவரம்பில் இருக்கும் எங்கள் ஊருக்குத் தண்ணீர் வந்து சேரும். வாய்க்கால் நிறைந்து ஓடும்போது எல்லாவற்றையும் திறந்துவிடுவார்கள். ஓடுகிற தண்ணீரில் எந்த அழுக்கும் நிற்காது என்பது முதலாளியின் நம்பிக்கை. எங்கள் ஊரில் அப்படி நம்பாதவர்களும் யாருமில்லை. வீட்டில் கழுநீரை வீசிக் கொட்டுவது போலத்தான் எனக்கும் அது.

அந்த வருடம் தண்ணீர் வருவதைப் பார்த்துச் சொல்லும் வேலை எனக்குக் கிடைத்தது. கம்பெனிக்கு மேற்கே இருக்கும் படித்துறையில் நான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"மேலயிருந்து ரெண்டாம் படி நனைஞ்ச பொறவு வந்து சொல்லணும் மக்கா. அதுக்கு முன்ன வரண்டாம். அத்தைக்கிட்ட ஒண்ணும் சொல்லண்டாம், கேட்டியா. நாளைக்கு நானே சொல்லிக்கிடுதேன்."

"ஏம்ப்பா?"

"சொல்லண்டாம்னா சொல்லண்டாம்."

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. பம்பாய்க்குப் போன மாமா திரும்பி வரவில்லை. அதன் பிறகு இரண்டு வருடம் எங்கள் வீட்டுப் பின்னறையில் இருந்தாள். நான் அவளோடுதான் படுத்துக்கொள்வேன். ஆனால் ஒரே அடுக்களையில் அம்மாவும் அவளும் பேசாமலே சமைத்து முடிக்கும் நாட்கள் கூடிக்கொண்டு போயின. ஒருநாள் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். கம்பெனிக்குக் கிழக்கே, செங்கல் சூளைக்காரர்கள் மண் எடுத்துவிட்டுப் போன குழி ஒன்றில் மீன்குஞ்சு விட்டு, பக்கத்திலேயே ஓலைச் சாய்ப்பு கட்டிக்கொண்டாள். அந்தக் கிறிஸ்துமஸுக்கு மீன் பிடிக்கலாம். பிடித்துவிட்டால் அதற்குப் பிறகு யார் வீட்டுச் சோற்றுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அது மீன்களுக்கு முதல் கோடை. குழியில் இடுப்பளவுகூடத் தண்ணீர் இல்லை.

"ஏட்டி, வாய்க்கால்ல தண்ணி கண்டா மொதல்ல இங்க ஓடி வந்திரணும். மீனெல்லாம் வாயப் பொளந்துகிட்டு நிக்குது, பாத்தியா?" என்றாள். நானும் பார்த்தேன். நூறு வாய்கள் மேலே வந்து காற்றைக் குடித்துக்கொண்டிருந்தன.

சனிக்கிழமை காலை தண்ணீர் வந்தது. வந்தது என்றால், ஒரு சாண் அகலத்துக்கு, காய்ந்த சருகையும் பிளாஸ்டிக் பாட்டிலையும் ஒற்றைச் செருப்பையும் தள்ளிக்கொண்டு ஊர்ந்து வந்தது. இரண்டாம் படி எங்கே, கடைசிப் படியே நனையவில்லை. ஆனால் என்னால் உட்கார முடியவில்லை. இவ்வளவு பெரிய சேதியைக் கையில் வைத்துக்கொண்டு எந்தக் குழந்தை படியை எண்ணிக்கொண்டிருக்கும்? கம்பெனிக்கு ஓடினேன்.

"ரெண்டாம் படி நனைஞ்சுதா?"

"நனைஞ்சுதுப்பா."

அப்பா என் தலையைத் தட்டிக்கொடுத்து உள்ளே போனார். பீப்பாய்களின் தக்கையைச் சுத்தியலால் அடித்துக் கழற்றும் சத்தம் கேட்டது. நான் நிற்கவில்லை. அத்தையிடம் ஓடினேன்.

கையிலிருந்த தேங்காய்த் துருவலோடு வெளியே வந்தாள் அத்தை. தண்ணீர் எட்டிப் பார்க்கும்வரை காத்திருந்து, வாய்க்காலிலிருந்து குழிக்கு வெட்டியிருந்த மடையின் பலகையை உருவினாள். வாய்க்காலில் வந்த கொஞ்சமும் பள்ளம் பார்த்துக் குழிக்குள் இறங்கியது. என்னைக் கட்டிப்பிடித்து நெற்றியில் முத்தமிட்டாள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கிளிப்பச்சையாக வரத் தொடங்கியது. அவ்வளவு அழகான தண்ணீரை நான் அதுவரை பார்த்ததில்லை. "பாசியா இருக்கும்" என்றாள் அத்தை.

மறுநாள் கோயிலில் ஞாயிறு ஆராதனைப் பிரசங்கம் முடியும் முன்பே யாரோ வந்து அத்தையை அழைத்துப் போனார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது குழி வெள்ளையாக இருந்தது. எல்லா மீனும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. அப்பா ஞாயிற்றுக்கிழமை வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினார். கூடையில் வாரி வாரிக் கரையேற்றினார். அத்தை ஞாயிற்றுக்கிழமைச் சேலையோடு எதிர்க்கரையில் நின்றிருந்தாள்.

"அண்ணா, வெயிலா இருக்குமா?"

"வெயிலாத்தான் இருக்கும்."

வரப்பில் சைக்கிளோடு நின்ற ஒருவர் சிரித்தார். "வெயிலுக்கு மீனு சாவுமாவே? அப்பம் கடல்ல ஒரு சாளைகூட மிஞ்சாதே!"

அப்பா அடுத்த கூடையை வாரினார். சைக்கிள்காரர் ஒரு பையை நீட்டி, புதுசாகத்தானே இருக்கிறது, நாலு மீன் தாருங்கள் என்றார். அப்பா பையைப் பிடுங்கி எறிந்தார். "திங்கண்டாம்!" என்று கத்தினார். வெயிலில் செத்த மீனைத் தின்றால் என்ன என்று எனக்குப் புரியவில்லை. தென்னைமூட்டில் குழி வெட்டி எல்லாவற்றையும் மூடினார்கள்.

மூன்றாம் நாள் அத்தை டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் நடந்தது. பின்னறையில் மறுபடி அவள் பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டேன். அந்தக் கிறிஸ்துமஸுக்கு முன்பே வீட்டு வேலைக்கு ஆள் வேண்டுமென்று குவைத்திலிருந்து விசா வந்தது. போனாள். இன்னும் அங்கேதான் இருக்கிறாள். யாரோ பெற்ற பிள்ளைகள் நான்கு பேரை வளர்த்துவிட்டாள். வருடாவருடம் ஜூன் மாதம் வீடியோவில் வந்து, "தண்ணி விட்டாச்சா மக்கா?" என்று கேட்பாள். நான் நேரில் போய்ப் பார்க்காமல் பதில் சொல்வதில்லை.

அப்பாவும் இருக்கிறார். கம்பெனியும் இருக்கிறது, இப்போது சுற்றுச்சுவர் உயரம் அதிகம். நாங்கள் கேன் தண்ணீர் வாங்குகிறோம். அந்தக் கேனில் எந்த ஊர்த் தண்ணீரை நிரப்புகிறார்கள் என்று யோசித்து, அதையும் கொதிக்க வைக்கிறேன். கணவர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். அன்றே அப்பா காரணத்தைச் சொல்லியிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருப்பேனா? அத்தையிடமே நேராகச் சொல்லியிருக்கலாமே? சொன்னால் ஏன் என்று அவள் கேட்டிருப்பாள். அதற்குப் பதில் சொன்னால் அது முதலாளியின் காதுக்குப் போகாதா? யோசித்து யோசித்து ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவர் பக்கம் சாய்கிறேன்.

அத்தை திரும்பி வந்த அன்று மாலை நடந்ததை யாரிடமும் சொன்னதில்லை. அவள் அடுக்களையில் உட்கார்ந்து பயறு பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். இரண்டாம் படி நனையவே இல்லை, அப்பாவிடம் பொய் சொன்னேன், உன்னிடம் சொல்ல வேண்டாமென்று சொல்லியும் ஓடிவந்து சொன்னேன், அந்தப் பாவத்தால்தான் மீன் செத்தது, எல்லாம் என்னால்தான் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

என் முதுகைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றது. தலையைத் தூக்கிப் பார்த்தேன். அடுக்களை வாசலில் காப்பி டம்ளரோடு அப்பா நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார். அத்தை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ என்ன செய்வ மக்கா" என்றாள் அத்தை, அவரைப் பார்த்தபடியே. "தண்ணி வந்துது. சொன்ன."

அப்பா டம்ளரை வாசற்படியில் வைத்துவிட்டு வெளியே போனார்.

எங்கள் வீட்டில் பொய் சொன்னால் பிரம்பு நிச்சயம். அன்று அது ஆணியை விட்டு இறங்கவில்லை. அப்பா ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. இவ்வளவு பெரிய தப்பைச் செய்தும் அப்பா என்னை மன்னித்துவிட்டார் என்று நினைத்து, அத்தையின் மேல் காலைப் போட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்கிப்போனேன்.